பலமனேர் கண்டோம்

பலமனேருக்கு இரயில் கிடையாது. இரயில்வேயில் எழுத்தராக இருக்கும் நமக்கு இதைச் சொல்லச் சிறிது கூச்சந்தான். ஆயினும் உண்மை அதுவே. காட்பாடியிலோ சித்தூரிலோ இறங்கிப் பேருந்து ஏறியே அவ்வூரை அடைதல் வேண்டும். சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். முற்பகுதி கரும்பும் மாந்தோப்புகளும் செழித்த நிலம். மொகிலி என்னும் சிவத்தலத்தை அடுத்து மலைப்பாதை தொடங்குகிறது. வளைந்து வளைந்து ஏறும் வண்டியில் வெப்பம் படிப்படியாகத் தணிவதை உடம்பே உணர்ந்து சொல்கிறது. மேலே ஏறி முடித்ததும் பலமனேர். கடல்மட்டத்திற்கு 2,200 அடிக்கு மேல் அமைந்த ஊர். முற்காலத்தில் வட ஆற்காட்டின் கோடை வெயில் தாங்காத வெள்ளைக்கார அதிகாரிகள் இங்கு வந்து தங்குவது வழக்கம்.

இம்மலைப் பக்கத்தில் பிறக்கும் கவுண்டன்ய ஆறு தெற்கு நோக்கி இறங்கிக் குடியேற்றம் நகரின் வழியே சென்று பாலாற்றில் கலக்கிறது. தெற்குக் காடுகளிலிருந்து யானைகள் 1980களில் இம்மலைகளுக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் பொருட்டு 1990இல் கவுண்டன்ய வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. ஆறு அங்கிருந்து இங்கு வருகிறது. யானை இங்கிருந்து அங்கே போகிறது. இவ்விரண்டிற்கும் மாநில எல்லை என்பது தெரியாது.

மக்களுக்கும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. 1911 ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டம் தனியே பிரியும் வரையில் பலமனேர் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனோடு சேர்ந்தது. கிழக்கேயும் வடக்கேயும் தெலுங்கு, தெற்கே தமிழ், மேற்கே முளபாகல் தாண்டினால் கன்னடம். இவ்வூரின் சுடுமண் வேலை பெயர் பெற்றது. ஒரு கடை முன் நாம் நின்றபோது, கடைக்காரர் "ஏம் காவாலண்டி?" என்று தெலுங்கில் கேட்டார். நம் இல்லத்தரசியாரிடம் நாம் தமிழில் ஏதோ சொல்லியதைக் காதில் வாங்கியதும், "வாங்கண்ணா, உள்ள வந்து பாருங்க. அக்காவுக்குத் தண்ணி ஜாடி வேணுமா?" என்று மாற்றிக்கொண்டார். நமக்குப் பின் வந்தவரிடம் கன்னடத்தில் விலை பேசினார். மூன்று மொழியும் அவருக்குப் பிழைப்பு. பெருமை பேசும் பொருளன்று.

சிகந்தராபாத்திலிருந்து இவ்வளவு தூரம் நாம் இவ்வூரைத் தேடிச் சென்றதற்குக் காரணம் உண்டு. 165 ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்து மாணாக்கராக அமர்ந்த ஓர் அயல்நாட்டு இளைஞரின் வரலாறும், அண்மையில் இங்கு 12 நாள் தொண்டு செய்து திரும்பிய நம் சங்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியின் அனுபவமும் நம் மனத்தில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருந்தன. முதலில் இளைஞரின் கதை.

அவர் பெயர் ஜேக்கப் சேம்பர்லின். 1835இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். இறையியலும் மருத்துவமும் பயின்றவர். 1859 டிசம்பரில், மணமான புதிதில், மனைவி சார்லட் அம்மையாருடன் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. ஆதலால் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு 1860 ஏப்ரலில் சென்னை வந்து சேர்ந்தனர். சென்னைக்கும் பாஸ்டனுக்கும் அக்காலத்தில் வேறோர் உறவும் உண்டு. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சென்னையில் சேமித்து விற்றனர். 1842இல் அதற்கெனக் கட்டிய மாளிகைதான் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது.

1856இலேயே இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் இரயில் ஓடத் தொடங்கியிருந்தது. எனினும் பலமனேர் மலைமேல் ஏற மாட்டுவண்டியும் குதிரையுமே துணை. அவ்வாறு வந்து சேர்ந்தபோது சேம்பர்லினுக்கு வயது 25.

அவரை அனுப்பியது ஆற்காட்டு மிஷன். யாழ்ப்பாணத்தில் முதலிற் பணியாற்றிய டாக்டர் ஜான் ஸ்கடரின் மைந்தர்களான ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகிய மூவரும் 1853இல் நிறுவியது அது. அம்மிஷனின் தொடக்ககாலக் கொள்கை ஒன்று நம் கருத்தைக் கவர்கிறது. ஆங்கிலப் பள்ளி வைத்து ஆள் சேர்ப்பதை அவர்கள் விரும்பவில்லை. மக்கள் பேசும் மொழியில், மக்கள் கூடும் இடத்தில் பேசுவதே வழி என்று கொண்டனர். எனவே புதிதாக வருகின்றவர் எத்துணைப் பட்டம் பெற்றவராயினும் முதலில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையாக அமர வேண்டும்.

பலமனேர் போன்ற எல்லையூரில் அப்பிள்ளைக்கு இரட்டைச் சுமை. சேம்பர்லின் தமிழும் தெலுங்கும் இரண்டுமே கற்றார். தமிழில் ஒரு 'க' எழுதி இடத்துக்கேற்ப ஒலிக்கிறோம். தெலுங்கில் அவ்வொலிகளுக்கு நான்கு தனித்தனி எழுத்துகள். தமிழில் 'செப்பு' என்றால் செம்பும் ஆகும், பழைய நூல்களில் 'சொல்' என்றும் ஆகும். தெலுங்குச் சந்தையிலோ 'செப்பு' என்பது அன்றாடப் பேச்சு. ஒன்றைக் கற்றதும் மற்றொன்று வந்து நாக்கை இடறும். தெலுங்கு நாட்டில் பிழைக்க வந்த நம்மில் பலருக்கு இத்தொல்லை நன்கு தெரியும். காய்கறிக் கடையிலும் பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும் நாம் தடுமாறிய தடுமாற்றத்தை நாமே அறிவோம். அதனால்தான் அவ்விளைஞர் பலமனேரில் கழித்த அம்மூன்று ஆண்டுகள் நமக்கு நெருக்கமாகத் தோன்றுகின்றன.

1863இல் அவர் வடக்கேயுள்ள மதனப்பள்ளிக்கு மாற்றலானார். அவ்வாண்டே, மொழி கற்ற துணிவில், ஒரு பெரும் பயணம் புறப்பட்டார். இந்திய உதவியாளர் சிலருடன், நூல்கள் ஏற்றிய வண்டிகளோடு, நிஜாம் அரசின் வழியாகக் கோதாவரி நதியும் அதற்கு அப்பாலும் சென்று திரும்பிய அப்பயணத்தின் நீளம் 1,200 மைல். இன்று நாம் குடியிருக்கும் தெலங்கானா நிலத்தின் ஊடே நடந்த பயணம் அது.

அப்பயணத்தில் ஒரு கோட்டைச் சூழ்ந்த நகரில் நடந்ததை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். நம் இதழைப் படிப்போர் பல சமயத்தார். ஆதலின் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுவோம். சேம்பர்லின் சமயம் பரப்பவே வந்தவர். அதை அவர் ஒளித்ததில்லை. பிறர் சமயத்தைக் கேட்டவர் சினங்கொண்டதிலும் வியப்பில்லை. அந்நகர மக்கள் அவரைச் சந்தையை விட்டுப் போகச் சொன்னார்கள். கையில் கற்களோடு கூட்டம் திரண்டது. எறிவதற்கு முன் ஒரு கதை கேட்குமாறு அவர் தெலுங்கில் வேண்டிக்கொண்டார். அயலான் வாயில் தங்கள் மொழி வந்ததும் கூட்டம் நின்றது. அவர் இயேசுவின் கதையைச் சொல்லி முடித்தபோது கற்கள் கீழே விழுந்தன. சிலர் நூல்களைக் காசு கொடுத்தே வாங்கிச் சென்றனர்.

கோதாவரிக் கரையில் வேறொரு சோதனை. ஆறு பெருவெள்ளமாக ஓடுகிறது. சூழ்ந்திருப்பது புலி நடமாடும் காடு. இருட்டிவிட்டால் தங்க மேடில்லை. உடன் வந்த கூலியாட்கள் அஞ்சி விலக நினைக்கின்றனர். அவ்வேளையில், மேலே எங்கோ கட்டறுந்து வெள்ளத்தில் அடித்து வந்த பெரிய தட்டைப் படகு ஒன்று சரியாக அவ்விடத்திற் கரை ஒதுங்கியிருந்தது. அன்றிரவு படகில் உயிர் தப்பினர். அவர் அதனை இறையருள் என்று எழுதினார். அவருடைய நூல் ஒன்றின் பெயரே 'புலிக்காட்டில்' என்னும் பொருளது, 1896இல் வெளிவந்தது.

புலிக்கதையைப் படிப்போர் பலர். ஆனால் கல்லெறிய வந்தவரை நிறுத்தியது எது? பலமனேரில் விளக்கடியில் எழுத்துக் கூட்டிய நாட்கள். புலியையும் வெள்ளத்தையும் சில இரவுகளில் கடந்துவிடலாம். பிறர் மொழியைச் சில இரவுகளிற் கடக்க இயலாது.

சேம்பர்லின் அதன்பின் ஊர் திரும்பிவிடவில்லை. மதனப்பள்ளியில் மருத்துவம் பார்த்தார். தெலுங்கு விவிலியத்தைத் திருத்தும் குழுவிற்குத் தலைமை வகித்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தார். 1908இல் மதனப்பள்ளியிலேயே காலமானார். அவர் மாணவராக வந்த பலமனேரில், 1888ஆம் ஆண்டு, ஆற்காட்டு மிஷன் தன் இறையியற் பள்ளியைத் தொடங்கியது. இந்நாட்டாரையே ஆசிரியராகவும் போதகராகவும் ஆக்கும் பள்ளி அது. பின்னர் வேலூருக்குச் சென்றது. அயலார் வந்து படித்த ஊர், அயலார் இல்லாமலே நடத்தக் கற்பிக்கும் ஊராகியது. தொண்டு என்பதற்கு இதைவிட நல்ல முடிவு ஏது?

மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரமும் அத்தகையதே. பல மிஷன்கள் ஒன்றுகூடி 1915இல் அங்குக் காசநோய் மருத்துவமனையை அமைத்தன. டென்மார்க் நாட்டு டாக்டர் கிறிஸ்டியன் பிரிமோட் மோலர் அதனை வளர்த்தார். காசநோய்க்கு உரிய மருந்தே இல்லாத காலத்தில் தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே மருந்தாக இருந்தன. 1948இல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி முதன்முதலில் மதனப்பள்ளியில்தான் தொடங்கியது. நம் குழந்தைகளின் தோளில் இன்று காணும் சிறு வடுவிற்கும் அவ்வூருக்கும் உறவுண்டு.

சேம்பர்லின் நெடுநாள் தங்கவே வந்தவர். சில நாள் இருந்து போக வந்து, வாழ்நாளையே கொடுத்தவரும் உண்டு. மேற்சொன்ன ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர் இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, 1890இல் நோயுற்ற தாயாருக்கு உதவத் திண்டிவனம் வந்தார். மிஷன் பணியில் அவருக்கு விருப்பமில்லை. விரைவில் திரும்பிவிடுவதே எண்ணம். ஓரிரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து, பேறுகால வேதனையிலிருக்கும் தங்கள் மனைவியர்க்கு உதவ வரவேண்டும் என்று மன்றாடினர். ஆண் மருத்துவர் தொட அவர்கள் இசையவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்தனர். அதைக் கேட்ட ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று, 1900இல் வேலூர் திரும்பினார். 1902இல் மருத்துவமனையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன. தம்மால் என்ன இயலவில்லை என்று அறிந்ததே அவருடைய முதற்பயணத்தின் பயன்.

நம்மவர் மட்டும் என்றும் பெறுபவராகவே இருந்துவிடவில்லை. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1902இல் யாழ்ப்பாணம் சென்றிருந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே அயலிடங்களுக்குத் தொண்டர் அனுப்பி வருவதைக் கண்டார். நம் ஊரார் மட்டும் வெள்ளையர் கையையே பார்த்திருக்கலாமா என்று எண்ணினார். 1903இல் நெல்லையில் இந்திய மிஷனரிச் சங்கம் உருவாயிற்று. பணமும் ஆளும் நிர்வாகமும் இந்தியருடையனவே. அச்சங்கம் தேர்ந்தெடுத்த இடம் தெலுங்கு நாடு. 1909இல் அசரியாவே தோர்ணக்கல் வந்தார்.

காசிப்பேட்டை–விஜயவாடா மார்க்கத்தில் கிளைப்பாதை பிரியும் அச்சந்திப்பின் பெயரை நாம் அலுவலகத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். எழுதும்போதெல்லாம், முப்பத்தைந்து வயதில் அங்கு வந்திறங்கித் தெலுங்கு அரிச்சுவடி பிடித்த அத்தமிழரை நினையாமல் இருக்க முடிவதில்லை. 1910இல் எடின்பரோ நகரில் உலக மிஷன் மாநாடு கூடியது. அங்கே அவர் எழுந்து, உங்கள் தியாகத்தையும் உதவியையும் அறிவோம், ஆனால் எங்களை நண்பராக நடத்துங்கள் என்னும் கருத்துப்பட வேண்டினார். கொடுப்பவர் மேலும் பெறுபவர் கீழுமாக நிற்கும் தொண்டு நிறைவுடையதன்று என்பதை அத்தனை பெரியோர் முன்னிலையிற் சொல்லத் துணிவு வேண்டும். 1912இல் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

இனி நம் சங்கத்து வீட்டுப் பெண்ணின் அனுபவம். நம் அன்பர் ஒருவரின் தமக்கை மகள் அவள். அயல்நாட்டில் பிறந்து வளர்ந்தவள், வயது 19. தன் திருச்சபை இளைஞர் குழுவோடு பலமனேரில் தங்கிச் சுற்றுப்புறச் சிற்றூர்களில் 12 நாள் பணி செய்தாள். திரும்பும் வழியில் மாமன் வீட்டிற்கு வந்தபோது நாமும் சென்று பார்த்தோம்.

"முதல் வாரம் என்னம்மா செய்தீர்கள்?" என்று கேட்டோம்.

"பள்ளிக்கூடச் சுவருக்கு வர்ணம் அடித்தோம் மாமா. கீழே பழைய வர்ணம் நன்றாகத்தான் இருந்தது. போன வருஷம் வந்த குழு அடித்ததாம்" என்றாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

ஊர்க்காரர் ஒருவருக்கு ஒரு நாள் கூலி கிடைக்கக்கூடிய வேலையை, விமானச் செலவு செய்து வந்து தாங்கள் செய்ததை அவளே உணர்ந்திருந்தாள். பென்சில் கொடுத்தார்கள், பாட்டுப் பாடினார்கள், படம் எடுத்தார்கள். யாரிடமும் பேச முடியவில்லை. ஆங்கிலத்திலிருந்து தெலுங்குக்கு மாற்றிச் சொல்ல ஒருவர் இருந்தார், அவர் ஒருவரே. இங்கு எல்லாரும் தெலுங்கு பேசுவோர் என்று குழுவினருக்குச் சொல்லியிருந்ததால் அவளும் வாய் திறக்காதிருந்தாள்.

ஒன்பதாம் நாள் ஒரு மருத்துவ முகாம். முதியவள் ஒருத்தி கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு எதையோ திரும்பத் திரும்பக் கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் வேறு வரிசையில் இருந்தார். முன்னிருந்த தொண்டர் புன்னகையோடு தலையசைத்து, விழுங்கும்படி சைகை காட்டினார். அருகே நின்ற நம் பெண்ணின் காதில் அச்சொற்கள் விழுந்தன.

"காலையிலருந்து ஒண்ணும் துன்னல கண்ணு. வெறும் வயித்துல போடலாமா?"

தமிழ்! தன் தாயார் வீட்டிற் பேசும் தமிழ். தோழியர் முன் பேசக் கூசிய தமிழ். "ஆயா, கொஞ்சம் இருங்க. கேட்டுச் சொல்றேன்" என்று ஓடிப்போய்ச் செவிலியைக் கேட்டாள். உணவுக்குப் பின்னரே உட்கொள்ள வேண்டிய மாத்திரை அது. முதியவளுக்கு இட்லி வாங்கி வந்து கொடுத்து, உண்ணும் வரையில் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். அதன்பின் தமிழ் பேசும் பெண்கள் ஒவ்வொருவராக அவளிடம் வரத் தொடங்கினர். யாருடைய பெண், எந்த ஊர், கூடப் பிறந்தவர் எத்தனை பேர் என்று கேட்டனர். மீதி மூன்று நாளும் அவள் வர்ணம் அடிக்கச் செல்லவில்லை. முதியோர் சொல்வதைக் கேட்டு மருத்துவரிடம் சொல்வதே அவள் வேலையாயிற்று.

"நான் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை மாமா. அம்மா சொல்லிக் கொடுத்ததைப் பேசினேன், அவ்வளவுதான்" என்றாள். உடனே, "ஆனால் எனக்குப் படிக்கத் தெரியாது. மாத்திரை உறைமேல் தமிழில் எழுதித் தரும்படி ஒரு பாட்டி கேட்டார்கள். எனக்கு எழுத வரவில்லை" என்று தாழ்ந்த குரலிற் கூறினாள். அன்று மாலையே மாமன் வீட்டில் 'அ', 'ஆ' எழுதத் தொடங்கியதை நாம் கண்டோம்.

இப்போது நம் கருத்தைச் சொல்லி முடிப்போம். நம் உறவினர் வீடுகளில், கிறிஸ்தவராயினும் பிற சமயத்தாராயினும், பிள்ளைகள் விடுமுறையில் தொண்டுப் பயணம் செல்வது பெருகி வருகிறது. தடுக்க வேண்டியதில்லை; போகட்டும். போகுமுன் அவ்வூர் மொழியில் ஐம்பது சொல்லேனும் கற்றுச் செல்லட்டும். ஊரார் தாமே செய்யக்கூடிய வேலையை அவர்களிடமிருந்து பறிக்காதிருக்கட்டும். நோயாளியையும் ஏழைக் குழந்தையையும் படம் எடுக்குமுன், தம் வீட்டாரை அயலான் அவ்வாறு எடுத்தால் பொறுப்போமா என்று எண்ணிப் பார்க்கட்டும். பன்னிரண்டு நாளில் ஊரைத் திருத்திவிட முடியாது. பன்னிரண்டு நாளில் ஒரு முதியவளின் கேள்வி காதில் விழக் கூடும். அதற்குக் காது பழகியிருக்க வேண்டும்.

பெற்றோராகிய நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. பிழைக்க வந்த நாட்டின் மொழியைக் கற்பது, உண்ணும் சோற்றுக்கு நாம் செலுத்தும் நன்றி. வீட்டில் தமிழைக் காப்பது, பிள்ளைக்கு நாம் சேர்த்து வைக்கும் சொத்து. இரண்டில் ஒன்றே போதும் என்போர் பலமனேர் சென்று, அச்சுடுமண் கடை வாயிலில் சிறிது நேரம் நின்று பார்த்து வரட்டும். நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பில் இடம் உண்டு. அதனையடுத்த அறையில் பெரியோர்க்கான தெலுங்கு வகுப்பும் நடக்கிறது. அதிலும் இடம் உண்டு.